வேலூரில் வாடகை வீடு: விடுவதற்கு முன்பும் விட்ட பிறகும்

சத்துவாச்சாரியில் கீழும் மேலுமாக இரண்டு போர்ஷன் உள்ள ஒரு வீடு, காட்பாடி காந்தி நகரில் இரண்டு படுக்கையறை கொண்ட இன்னொரு வீடு. இரண்டையும் முதலீடாக வாங்கிவிட்டு ஓசூரில் வேலை பார்க்கிறீர்கள். சத்துவாச்சாரி மாடியில் குடியிருப்பவர் இரண்டு மாதமாக வாடகை தரவில்லை, மின்சாரத்தை நிறுத்தினால் தானாகப் போய்விடுவார் என்று உறவினர்கள் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். காலியாக இருக்கும் காந்தி நகர் வீட்டை மாணவர்களுக்கு விடலாமா, குடும்பத்துக்கு விடலாமா, அட்வான்ஸ் எவ்வளவு வாங்கலாம், இதையெல்லாம் வெளியூரில் இருந்தபடி எப்படிப் பார்த்துக்கொள்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேலூரில் பல ஆண்டுகளாக என் குடும்பத்து வீடுகளையும் வெளியூரில் இருக்கும் சிலருடைய வீடுகளையும் பார்த்துக்கொண்டு வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மின்சாரத்தை நிறுத்தாதீர்கள். தண்ணீரையும் நிறுத்தாதீர்கள். மோட்டார் அறையைப் பூட்டி வைப்பதும், மாடிப்படிக் கதவைச் சாத்துவதும் இதில்தான் சேரும். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவருடைய உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது இது. அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதை இந்தச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்கிறது. குடியிருப்பவர் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுத்தால், இணைப்பை உடனே திரும்பக் கொடுக்கும்படி உத்தரவு வரும். வாடகை பாக்கி என்று நியாயம் உங்கள் பக்கம் இருந்த வழக்கில், நீங்களே குற்றவாளிக் கூண்டில் ஏறி நிற்பீர்கள். சட்டத்தை விடுங்கள், அந்த வீட்டில் குழந்தைகளும் வயதானவர்களும் இருப்பார்கள். வேலூர் வெயிலில் மாடி வீட்டில் விசிறி இல்லாமல் ஓர் இரவு கழிப்பது என்னவென்று உங்களுக்கும் தெரியும்.

ஒரு சனிக்கிழமை நேரில் போங்கள். போவதற்கு முந்தைய நாளே சொல்லிவிட்டுப் போங்கள். போய் உட்கார்ந்து, என்ன ஆயிற்று என்று கேளுங்கள். வாடகை நிற்பதற்கு இந்தப் பக்கத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் காரணங்கள் சிலதான். ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளில் ஆர்டர் குறைந்து சம்பளம் தள்ளிப் போயிருக்கும். வீட்டில் யாருக்காவது அறுவை சிகிச்சை நடந்து கையிருப்பு கரைந்திருக்கும். பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் கட்டியிருப்பார்கள். கொடுக்க முடியாதவரையும் கொடுக்க மனமில்லாதவரையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. முடியாதவர் தேதி வருவதற்கு முன்பே நிலைமையைச் சொல்வார், பாதித் தொகையாவது கொண்டுவந்து கொடுப்பார். மனமில்லாதவர் போனை எடுக்க மாட்டார், எடுத்தால் குழாய் சரியில்லை, சுவர் சரியில்லை என்று பேச்சைத் திருப்புவார். முதல் வகை என்றால் பாக்கியை மூன்று நான்கு தவணையாகப் பிரித்து, ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அப்படித் தவணை கட்டி முடித்தவர்கள் அதே வீட்டில் ஆண்டுக்கணக்கில் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது வகை என்றால் நீட்டிக்காதீர்கள். இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, கேட்டு நோட்டீஸ் கொடுத்த பிறகும் ஒரு மாதத்துக்குள் முழுவதும் செலுத்தவில்லை என்றால், வாடகை நீதிமன்றத்தில் வீட்டைத் திரும்பக் கேட்கலாம். நோட்டீஸை வழக்குரைஞர் ஒருவர் மூலமாகப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். வாய்ப் பேச்சும் செல்போன் குறுஞ்செய்தியும் மட்டும் அங்கே போதாது. உங்களிடம் எழுத்து ஒப்பந்தம் இருக்கிறதா, அது பதிவு செய்யப்பட்டதா என்று வழக்குரைஞர் முதல் கேள்வியாகக் கேட்பார். அதற்குப் பிறகு வருகிறேன்.

இனி, முதலீடு என்ற கோணத்திலிருந்து. வாடகை வீட்டின் வருமானத்தைத் தீர்மானிப்பது அது எத்தனை மாதம் காலியாகக் கிடக்கிறது என்பதுதான். வாடகை எவ்வளவு என்பது அதற்கு அடுத்த கேள்வி. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 12,000 ரூபாய் வாடகையில் ஒரு குடும்பம் ஒழுங்காக இருக்கிறது. நீங்கள் ஒரேயடியாக 1,500 ஏற்றிக் கேட்கிறீர்கள். அவர்கள் ஆனி மாதக் கடைசியில் காலி செய்துவிடுகிறார்கள். அடுத்தது ஆடி. ஆடியில் யார் பால் காய்ச்சிக் குடி வருவார்கள்? ஆவணி பிறந்து, வெள்ளையடித்து, ஆள் பார்த்து, நல்ல நாள் பார்த்து அவர்கள் வரும்போது இரண்டு மாதம் போயிருக்கும். அது 24,000. பெயின்ட், கூலி எல்லாம் சேர்த்து 15,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். தரகருக்கு ஒரு மாத வாடகை 12,000. ஆக 51,000. கூட்டிக் கேட்ட 1,500-இல் ஆண்டுக்கு 18,000 வரும். இழந்ததை ஈடுகட்ட ஏறத்தாழ மூன்று ஆண்டு ஆகும், அதுவும் புதிதாக வந்தவர் இடையில் போகாமல் இருந்தால். மார்கழியிலும் இதே கதைதான். ஆகவே ஒப்பந்தக் காலம் ஆனியிலோ கார்த்திகையிலோ முடியாதபடி முதலிலேயே தேதியைத் தள்ளி எழுதிக்கொள்ளுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் ஒரு மாத வாடகையைக் காப்பாற்றும்.

வீட்டின் விலையோடு ஒப்பிட்டால் வாடகை எப்போதும் குறைவாகத்தான் தெரியும். 60 லட்சம் போட்ட வீட்டுக்கு மாதம் 15,000 வந்தால் ஆண்டுக்கு 1,80,000, அதாவது 3 சதவீதம். அதில் சொத்து வரி, பழுது, காலி மாதம் எல்லாம் கழிய வேண்டும். இந்த மெல்லிய வருமானத்தில், குடியிருப்பவரோடு சண்டை போட்டு வீட்டைக் காலியாக வைக்க இடமே இல்லை. குடியிருப்பவரை நன்றாக நடத்துங்கள் என்று நான் சொல்வதற்கு மனிதத்தன்மை ஒரு காரணம். இந்தக் கணக்கு இன்னொரு காரணம்.

யாருக்கு விடுவது என்ற கேள்விக்கு வேலூரில் கொஞ்சம் ஆற அமர யோசிக்க வேண்டும், ஏனென்றால் இந்த ஊரின் வாடகைச் சந்தை மற்ற மாவட்டத் தலைநகரங்களைப் போல இல்லை. 1900-இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவப் பணி சி.எம்.சி. மருத்துவமனையாக வளர்ந்து, மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா, வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளிகளை இங்கே கொண்டுவருகிறது. 1984-இல் வேலூர் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய வி.ஐ.டி. பல்கலைக்கழகம் நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் மாணவர்களைக் காட்பாடிக்குக் கொண்டுவந்திருக்கிறது. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில், செவிலியர்கள், ஆய்வக ஊழியர்கள், பேராசிரியர்கள், ஆட்சியர் அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் வங்கிகளிலும் வேலை செய்பவர்கள் என்று நிலையான ஒரு கூட்டம் இருக்கிறது. மூன்றும் மூன்று விதமான தொழில்.

நோயாளிக் குடும்பங்களுக்கு அறை விடுவது மருத்துவமனையைச் சுற்றி, தோட்டப்பாளையம், காந்தி ரோடு, பாபுராவ் தெருப் பக்கம் நடக்கிற தொழில். நாள் வாடகை, வார வாடகை, வரவேற்பில் எப்போதும் ஓர் ஆள், தினமும் சுத்தம் செய்ய ஓர் ஆள், அதற்குரிய உரிமம். அது விடுதித் தொழில், ஓசூரில் இருந்துகொண்டு செய்ய முடியாது. ஆனால் புற்றுநோய்ச் சிகிச்சைக்கோ எலும்பு மஜ்ஜை மாற்றுக்கோ வந்து மாதக்கணக்கில் தங்க வேண்டிய குடும்பங்கள் சத்துவாச்சாரி போன்ற இடங்களிலும் மாத வாடகைக்கு வீடு தேடுவது உண்டு. கட்டிலும் அடுப்பும் மட்டும் இருந்தால் போதும் என்பார்கள். நோயாளி படியேற முடியாது என்பதால் கீழ் போர்ஷன் காலியாக இருக்கும் காலத்தில் இவர்களுக்குக் கொடுக்கலாம். மொழி தெரியாத ஊரில் உடல்நலம் கெட்டு வந்திருப்பவர்களிடம் இரட்டை வாடகை கேட்பதை இந்த ஊரில் பார்க்கிறேன். அது நியாயமே இல்லை. மூன்று மாதம்தான் இருப்பார்கள் என்றால் அதற்கேற்பக் கொஞ்சம் கூடுதலாகக் கேளுங்கள், வயிற்றில் அடிக்காதீர்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். தங்குபவர் வெளிநாட்டவர் என்றால், வங்கதேசத்தில் இருந்து வந்தவரும் அதில் அடக்கம், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் வீட்டுக்காரர் தகவல் பதிவு செய்தாக வேண்டும். லாட்ஜ்காரர்கள் ‘சி ஃபார்ம்’ என்று சொல்வது இதைத்தான். வீடு என்பதால் விலக்கு இல்லை. கடவுச்சீட்டு, விசா இரண்டின் நகலும் உங்களிடம் இருக்க வேண்டும்.

மாணவர்கள் விஷயம். காந்தி நகர், விருதம்பட்டு, பிரம்மபுரம் பக்கம் தலைக்கு இவ்வளவு என்று வாங்கினால் குடும்பம் தருவதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். மறுக்க முடியாது. ஆனால் நான்கு பேர் என்று பேசிய வீட்டில் தேர்வு நேரத்தில் எட்டுப் பேர் இருப்பார்கள், செமஸ்டர் விடுமுறைக்கு வாடகையில் கழிவு கேட்பார்கள், கழிவறை அடைப்புக்கு மாதம் ஒருமுறை ஆள் அனுப்ப வேண்டியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் உங்களுக்குத்தான் போன் செய்வார். விட்டால், ஒவ்வொரு மாணவரின் பெற்றோரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும், எத்தனை பேர் என்பது எண்ணாலும் எழுத்தாலும் இருக்க வேண்டும், மின்கட்டணம் முழுவதும் அவர்களுடையதாக இருக்க வேண்டும். மாணவிகளுக்கு விடுதி போலப் பல அறைகளாகப் பிரித்து நடத்த நினைத்தால் 2014-ஆம் ஆண்டுப் பெண்கள், குழந்தைகள் விடுதிகள் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள முடிந்தவருக்கு மாணவர்கள் நல்ல வருமானம். உங்கள் நிலையில் நான் என்றால் காந்தி நகர் வீட்டைக் குடும்பத்துக்குத்தான் விடுவேன்.

குடும்பம் என்றால் எப்படிப்பட்ட குடும்பம்? இங்கேதான் நம் ஊரில் கேட்கக் கூடாததைக் கேட்டு, கேட்க வேண்டியதை விட்டுவிடுகிறார்கள். சாதி கேட்கிறார்கள், சைவமா அசைவமா என்று கேட்கிறார்கள், பெயரைக் கேட்டவுடனே வீடு பேசியாகிவிட்டது என்று சொல்லி அனுப்புகிறார்கள். பேரணாம்பட்டிலிருந்தும் மேல்விஷாரத்திலிருந்தும் பிள்ளைகளின் படிப்புக்காக வேலூருக்குக் குடிவர நினைக்கும் முஸ்லிம் குடும்பங்கள், மாதம் தவறாமல் வாடகை தரக்கூடியவர்கள், தெருத் தெருவாக அலைகிறார்கள். அதே தெருவில் ‘வீடு வாடகைக்கு’ அட்டை மாதக்கணக்கில் தொங்குகிறது. இது அநியாயம். முதலீட்டுக் கணக்கிலும் முட்டாள்தனம். நான் கேட்பது மூன்றே விஷயங்கள். வருமானம் எங்கிருந்து வருகிறது, இதற்கு முன் இருந்த வீட்டு உரிமையாளரின் போன் எண் என்ன, வீட்டில் எத்தனை பேர் இருக்கப் போகிறீர்கள். முந்தைய உரிமையாளரிடம் பேசும்போது ‘நல்லவரா’ என்று கேட்டுப் பயனில்லை. எல்லாரும் நல்லவர் என்றுதான் சொல்வார்கள். அட்வான்ஸில் எவ்வளவு பிடித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். அந்தப் பதிலில் எல்லாம் வந்துவிடும்.

இனி ஒப்பந்தம். 11 மாதத்துக்கு ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது, பதிவு தேவையில்லை என்பது நம் பக்கம் எல்லோரும் நம்பும் ஒன்று. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைத்தான் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பதிலிருந்து வந்த பழக்கம் அது. ஆனால் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் காலம் குறைவாக இருந்தாலும் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்குகிறது. எழுதிய 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் அதைப் பதிவு செய்ய வேண்டும். இதற்கென்று அரசின் இணையதளம் இருக்கிறது, விண்ணப்பத்தை வீட்டிலிருந்தே அனுப்பலாம், துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் ஒருவர் வாடகை அதிகாரியாக இருக்கிறார். பதிவு எண் இல்லாத ஒப்பந்தத்தைப் பின்னால் வாடகை நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்ட முடியாமல் தவிப்பவர்களைச் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் நீங்களே பார்க்கலாம். கீழ் போர்ஷனில் இருப்பவரோடு உங்களுக்குப் பிரச்சினை எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பிரச்சினை இல்லாத இந்த நேரம்தான் அவரோடு ஒப்பந்தத்தைப் புதுப்பித்துப் பதிவு செய்யத் தோதான நேரம்.

கணினி மையங்களில் பெயரை மட்டும் மாற்றி அச்சிட்டுத் தரும் ஒப்பந்தத்தில் சண்டை வரக்கூடிய எதுவும் இருக்காது. நான் ஒப்பந்தத்தோடு ஓர் இணைப்புத் தாள் சேர்ப்பேன். மின் மீட்டரில் அன்றைய ரீடிங், விசிறிகள் எத்தனை, டியூப் லைட் எத்தனை, சாவிக் கொத்தில் எத்தனை சாவி, குளியலறைக் குழாய்களின் நிலை, சமையலறை மேடைக் கல்லில் ஏற்கெனவே இருக்கும் கீறல், வாசல் கதவின் கீழ்ப்பக்கம் உப்பியிருப்பது, எல்லாம் அதில் இருக்கும். சாவி கொடுக்கும் நாளில் குடியிருக்க வருபவரோடு அறை அறையாக நடந்து, அவர் கண்ணில் படுவதையும் எழுதச் சொல்லி, இருவரும் கையெழுத்திட்டு, போனில் படமெடுத்து இருவருமே வைத்துக்கொள்வோம். கால் மணி நேர வேலை. வாடகை ஏற்றத்தையும் அதே ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். 11 மாதத்துக்கு ஒருமுறை 5 சதவீதம் என்று முதல் நாளே தெரிந்திருந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

அட்வான்ஸைப் பொறுத்தவரை, வேறு உடன்பாடு இல்லாத நிலையில் 3 மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது சட்டம். வேலூரில் ஐந்து மாதம், ஆறு மாதம் கேட்பவர்களும் இருக்கிறார்கள். 3 மாதம் போதும். கூடுதலாகக் கேட்டால் நல்ல சம்பளக்காரர்கள் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடுவார்கள். வாங்கிய தொகையை வங்கியில் வைப்பு நிதியாகத் தனியே போட்டு வையுங்கள். அது உங்கள் பணமே இல்லை. போக்கியத்துக்கு விடும் யோசனையையும் இதே காரணத்தால் வேண்டாம் என்பேன். மொத்தமாக ஐந்து லட்சமோ எட்டு லட்சமோ வாங்கிக்கொண்டு வாடகையில்லாமல் மூன்று ஆண்டு விடுவது பார்க்கச் சுலபம். தவணை முடியும் நாளில் அந்தத் தொகை கையில் இருக்காது, அடுத்த ஆளிடம் வாங்கித்தான் இவருக்குக் கொடுக்க வேண்டும் என்ற நிலை வரும், அதுவரை அவர் வீட்டை விட மாட்டார். அவர் விடாமல் இருப்பது முழுக்க நியாயமும்கூட. இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டு வீட்டையே விற்றவர்கள் கொசப்பேட்டையிலும் சைதாப்பேட்டையிலும் உண்டு.

பழுது பார்ப்பதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உறவு கெடுவதும் நிலைப்பதும் இங்கேதான். யார் எதைச் செய்ய வேண்டும் என்று சட்டத்தின் அட்டவணையே பிரித்துச் சொல்கிறது. கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, கதவு சன்னல் பெயின்ட், குழாய்ப் பதிப்பு, மின் வயரிங் எல்லாம் உரிமையாளருடையவை. குழாய் வாஷர், சுவிட்ச், பிளக், தாழ்ப்பாள், சன்னல் கண்ணாடி, கொசுவலை, சாக்கடை அடைப்பு எல்லாம் குடியிருப்பவருடையவை. இதை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடலாம். ஆனாலும் நடைமுறையில் நான் சின்ன வேலைகளையும் செய்து கொடுத்துவிடுவேன். வேலூர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல தெருக்களில் உப்பு. குழாய் வாயில் வெள்ளையாகப் படிந்து, வாஷர் சீக்கிரம் போய்விடும். அது குடியிருப்பவரின் குற்றம் அல்ல. நூறு ரூபாய் வாஷருக்கு வாதாடி, ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் தருபவரின் மனதைக் கெடுப்பானேன்?

மாடி வீட்டுக்கு இன்னொன்று உண்டு. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. மேலே காயும் தளம் இரவு பத்து மணிவரை வெப்பத்தைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். மாடியில் குடியிருப்பவர்கள் ஆண்டு முடிந்ததும் போய்விடுகிறார்கள் என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம், ஆனால் வேறு ஏதாவது சொல்லிவிட்டுப் போவார்கள். மொட்டை மாடியில் வெள்ளை நிறக் குளிர்ச்சி ஓடு பதியுங்கள், அல்லது வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடியுங்கள். அதே வேலையோடு தளத்தின் விரிசல்களையும் புரட்டாசிக்குள் அடைத்துவிட்டால் ஐப்பசி மழையில் ஒழுகல் புகார் வராது. வாடகை வீட்டில் நான் செய்யும் செலவுகளில் முழுமையாகத் திரும்பி வருவது இந்த ஒன்றுதான் என்பது என் அனுபவம்.

பழுதுக்கு ஆள் அனுப்புவதிலும் ஒரு முறை இருக்கிறது. பாகாயம் பக்கம் நான் பார்த்துக்கொள்ளும் வீடு ஒன்றில் கேரளத்திலிருந்து வந்த ஒரு செவிலியர் குடியிருக்கிறார். இரவுப் பணி நாட்களில் வாசல் கதவில் ‘நைட்’ என்று எழுதிய சிறு காகிதம் ஒட்டியிருக்கும். பிளம்பர் அதைப் பார்த்தால் மணியடிக்க மாட்டார், திரும்பிப் போய் மாலை ஐந்து மணிக்கு வருவார். பக்கத்து வீட்டுக்காரர்கூட பகலில் மிக்ஸி போடுவதைத் தள்ளி வைத்துக்கொள்வார். அந்த வீட்டைவிட மருத்துவமனைக்கு அருகில் வேறு வீடு கிடைத்தும் அவர் போகவில்லை. வீட்டுக்குள் நுழையக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. சொந்த வீடுதானே என்று மாற்றுச் சாவியால் திறந்து நுழைவது மிகப் பெரிய தவறு.

மின் இணைப்பு. கீழுக்கும் மேலுக்கும் ஒரே மீட்டர் இருந்தால் முதல் வேலையாகத் தனித்தனி இணைப்பு வாங்குங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், பயன்பாடு ஏற ஏற யூனிட் விலையும் ஏறும், 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் சலுகையும் போய்விடும். இரண்டு குடும்பம் ஒரே மீட்டரில் இருந்தால் இருவருமே அதிக விலைக்கு மின்சாரம் வாங்குகிறார்கள். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரரே விலை நிர்ணயித்து வாங்குவது இந்த ஊரில் தீராத மனத்தாங்கலுக்குக் காரணம். பொது மோட்டாரை எந்த மீட்டரில் சேர்த்திருக்கிறது, அந்தச் செலவை யார் ஏற்பது என்பதையும் எழுதி வையுங்கள்.

வரி பற்றிச் சுருக்கமாக. வாடகையை வங்கிக் கணக்கில் வாங்குங்கள், ரசீது கொடுங்கள். வருமான வரியில் வாடகையிலிருந்து கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்காகக் கழித்துக்கொள்ளலாம், ரசீது எதுவும் காட்டத் தேவையில்லை. குடியிருப்பவர் பழைய வரி முறையில் இருக்கும் சம்பளக்காரர் என்றால், ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டும்போது உங்கள் பான் எண்ணைக் கேட்பார். கொடுக்க மாட்டேன் என்று மறுத்தால் அவருக்கு வீட்டு வாடகைப்படிக்கான வரிச் சலுகை போய்விடும், அடுத்த ஆண்டு வேறு வீடு பார்ப்பார். மாநகராட்சிச் சொத்து வரியை ஒவ்வோர் அரையாண்டிலும் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. ஏப்ரலிலும் அக்டோபரிலும் மறக்காமல் கட்டிவிடுங்கள்.

தூரத்தில் இருந்து பார்த்துக்கொள்வது முடியாத காரியம் அல்ல, ஆனால் உள்ளூரில் ஒரு முகம் வேண்டும். சித்தப்பா மகன், மைத்துனர் என்று உறவுக்காரரிடம் இலவசமாக ஒப்படைத்தால் கேள்வி கேட்க முடியாது. மாதம் ஒரு தொகை பேசி, பொறுப்பான ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியரோ பள்ளி அலுவலரோ அதே தெருவில் இருந்தால் அவர்தான் பொருத்தம். பழுது பார்ப்பதும், வீட்டைக் காட்டுவதும், ரீடிங் எடுப்பதும் அவர் வேலை. வாடகைப் பணம் அவர் கைக்குப் போக வேண்டாம், நேரே உங்கள் கணக்குக்கு வரட்டும். பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், வீட்டைப் பார்த்துக்கொள்ள அது தேவையில்லை. பிளம்பர், எலக்ட்ரீஷியன், கழிவுநீர்த் தொட்டி வண்டிக்காரர் மூவருடைய எண்களும் குடியிருப்பவரிடமும் இருக்கட்டும். இரவில் மோட்டார் நின்றுபோனால் அவரே கூப்பிட்டுச் சரிசெய்துகொண்டு, இன்ன தொகை வரை வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று சொல்லி வையுங்கள். அந்த நம்பிக்கையைத் தவறாகப் பயன்படுத்தியவர் என்று எனக்கு நினைவுக்கு வருபவர் யாரும் இல்லை.

கடைசியாக, காலி செய்யும் நாள். பல ஆண்டு நல்லுறவு இந்த ஒரு நாளில் முறிந்துபோவதைப் பார்க்கிறேன். சாவி கொடுத்த நாளில் எழுதிய அதே தாளோடு மறுபடியும் அறை அறையாக நடங்கள். ஆணி அடித்த துளை, சுவரில் கை பட்ட அழுக்கு, அடுப்புக்கு மேல் எண்ணெய்ப் பிசுக்கு, இவையெல்லாம் குடியிருந்ததன் அடையாளங்கள், இவற்றுக்குப் பணம் பிடிக்காதீர்கள். உடைந்த வாஷ்பேசினுக்கும் காணாமல் போன விசிறிக்கும் பிடிக்கலாம். பெயின்ட் செலவு என்று ஒரு மாத வாடகையை எல்லோரிடமும் கழிக்கும் வழக்கம் இங்கே வேரூன்றியிருக்கிறது. வெள்ளையடிப்பு உரிமையாளரின் செலவு என்று சட்டத்தின் அட்டவணையில் இருக்கும்போது அதை வாங்குவது சரியல்ல. மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வரும் என்பதால், அன்றைய ரீடிங்கை எடுத்து, அதுவரையான தொகையைக் கணக்கிட்டுக் கழித்துக்கொள்ளுங்கள். பிடித்தம் போக மீதி அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் கொடுக்கச் சட்டம் அவகாசம் தருகிறது. நான் சாமான் வண்டி கிளம்புவதற்கு முன்பே கணக்கில் போட்டுவிடுவேன். புது வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட அந்தப் பணத்தைத்தான் அவர் நம்பியிருப்பார்.

பணம் போனதும், உங்கள் அலுவலகத்தில் யாராவது வீடு தேடுகிறார்களா என்று அவரிடமே கேளுங்கள். மருத்துவமனை ஊழியர்களும் ஆசிரியர்களும் வீடு தேடுவது பெரும்பாலும் ஒருவர் சொல்லி ஒருவர் என்றுதான். அப்படி வருபவருக்கு இந்த வீட்டில் தண்ணீர் எப்படி, வெயில் எப்படி, வீட்டுக்காரர் எப்படி என்பது முன்பே தெரிந்திருக்கும். தரகருக்கு ஒரு மாத வாடகையும் மிச்சம்.